நிரேசகாவின் சிவப்புத் தொப்பி

நிரேசகா ஸ்டேஷனை மலைமேட்டின் அடியில் கட்டியது ஏதோ ஒரு பொறியாளரின் முட்டாள்தனம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பாவம், அந்த மனிதர்மேல் பழி போடாதீர்கள். அவர் கீழே சமதரையில்தான் முளை அடித்திருந்தார். குறுக்கே வந்தவர் பட்டு ஆலை முதலாளி தமாரு. நிலம் இனாம், மரம் இனாம், கொத்தனார் கூலியும் தன் செலவு, ஆனால் ஸ்டேஷன் மட்டும் தன் ஆலை வாசலில் நிற்க வேண்டும் என்றார். இனாம் என்று காதில் விழுந்ததும் ரயில் கம்பெனிக்கு மேடு கண்ணில் படவில்லை. அப்படித்தான் பிளாட்பாரம் முடிகிற இடத்திலேயே ஏற்றம் தொடங்குகிற ஒரு ஸ்டேஷன் எங்கள் ஊருக்கு வாய்த்தது.

பயணிகள் வண்டி இலேசானது, முக்கி முனகிக் கிளம்பிவிடும். மரமும் கரியும் ஏற்றிய சரக்கு வண்டி கதை வேறு. அது கீழிருந்து வருகிற வேகத்திலேயே நிற்காமல் மேட்டில் ஏறியாக வேண்டும். நிரேசகாவில் நின்றதோ, தொலைந்தது. சக்கரம் வழுக்கும், புகை ஊரை மூடும், வண்டி ஓரடி நகராது. மறுபடி பின்னால் தள்ளிக்கொண்டுபோய்ச் சமதரையில் ஆவி கட்டி ஓடிவர வேண்டும்.

தமாருவின் பட்டு அமெரிக்காவுக்குப் போனது, பிறகு போகவில்லை. ஒருநாள் அவரே மூன்றாம் வகுப்பில் ஏறி ஊரைவிட்டுப் போனார். அவர் போனார், அவர் வைத்துவிட்டுப் போன மேடு போகவில்லை. அப்புறம் யுத்தம் வந்தது. ஊர்ப் பையன்களைக் கொடியசைத்து அனுப்பியது இதே பிளாட்பாரத்தில்தான். பையன்கள் தீர்ந்ததும் இரும்பைக் கேட்டார்கள். வேலிக் கம்பி போயிற்று, பிளாட்பார மணி போயிற்று, காத்திருப்பு அறையில் இருந்த கணப்பு அடுப்பின் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் மிஞ்சியவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர் முரோயும் இன்னும் ஓரிருவரும்தான். முரோய்க்கும் முழங்கால் வாதம்.

அப்போதுதான் பெண்களைக் கூப்பிட்டார்கள். கயாமா ஃபுசா பட்டு ஆலையிலிருந்து வந்தாள். கொதிக்கிற தொட்டியில் பட்டுப்புழுக் கூடு அவிழ்த்து அவிழ்த்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போன கை அவளுக்கு. முதலில் பிளாட்பாரம் பெருக்கினாள். பிறகு சரக்கு மூட்டைக்குச் சீட்டு ஒட்டினாள். தண்டவாளம் மாற்றும் லீவர்களை இழுக்கிற சுருமியும் பட்டாளத்துக்குப் போனதும் லீவர் அவள் கைக்கு வந்தது. கடைசியில் வளையமும் வந்தது.

ஒற்றைப் பாதையில் வளையம்தான் எல்லாம். பித்தளை வில்லை ஒன்றைத் தோல்பையில் போட்டு, அதைப் பெரிய வளையத்தில் கட்டியிருப்பார்கள். அடுத்த ஸ்டேஷனோடு மணியடித்துப் பேசி, பெட்டியிலிருந்து வில்லையை எடுத்து, வருகிற எஞ்சினுக்கு நீட்ட வேண்டும். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த பாதைக்குள் நுழைய மாட்டான். ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் வெளியே வரும், அதனால் எதிரே இன்னொரு வண்டி வராது. நிற்காத வண்டிக்கு ஓட்டத்திலேயே கொடுத்து, ஓட்டத்திலேயே பழைய வளையத்தை வாங்க வேண்டும். முழங்கையில் வந்து அறைகிற அறை தோள்வரை ஏறும். ஃபுசாவின் வலது கை எப்போதும் கன்றிப்போய்த்தான் இருக்கும்.

அந்த அறை அவளுக்குப் பிடித்திருந்தது. மேலேறிப் போகிற வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் மறைகிறவரை நின்று பார்ப்பது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதற்குமேல் ஒரு காரணம் கேட்பவர்கள் ஆண்பிள்ளைகளிடம் போய் முதலில் அதைக் கேட்கட்டும்.

வண்டியை அனுப்புகிறவர் சிவப்புத் தொப்பி போட்டிருக்க வேண்டும் என்பது ரயிலில் வழக்கம். டிரைவர் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான். ஆனால் ஒரு பெண்ணின் தலையில் சிவப்புத் தொப்பியைக் கம்பெனி கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே முரோய் தொப்பியைப் போட்டுக்கொண்டு கணப்பு அடுப்பருகே நிற்பார், ஃபுசா வேலையைப் பார்ப்பாள். விமானங்கள் தாழப் பறந்து சுட்ட அன்று, நின்றிருந்த வண்டியைச் சுரங்கப் பாதைக்குள் ஓட்டச் சொல்லி ஓடியவள் அவள். முரோய் மேசைக்கு அடியில் இருந்தார், தொப்பியோடு. மேலிடத்துக்குப் போன தகவலில் 'ஸ்டேஷன் மாஸ்டரின் சமயோசிதம்' என்று இருந்தது. ஃபுசா 'உதவினாள்.'

யுத்தத்தில் தோற்று, மறு இலையுதிர்காலம் வந்தது. ஆண்கள் திரும்பி வருகிறார்கள், பெண்கள் இனி வீட்டுக்குப் போகலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. நிரேசகாவில் இருவருக்கு ஓய்வு. ஒருத்தி ஃபுசா. இன்னொருத்தி டிக்கெட் ஜன்னலில் இருந்த மினே, வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். ஃபுசாவுக்குப் பதில் யார் என்றால், தென்கடல் தீவிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்த சுருமி. வீட்டில் ஃபுசாவின் அம்மா, மனைவியை இழந்த, மிசோ என்கிற சோயா விழுது விற்கிற வியாபாரி ஒருவரைப் பற்றிச் சோற்றுக்கு இடையில் பேச ஆரம்பித்திருந்தாள்.

"வாயாலே போகச் சொன்னா போயிடறதா?" என்றாள் மினே. "மூணு வருஷமா இருமி இருமி நெஞ்சு நிறையப் புகை குடிச்சிருக்கோம்."

"என்ன பண்ணலாங்கறே?"

"தெரியல. ஆனா அழமாட்டேன். அழுதா அவங்களுக்கு லேசாப் போயிடும்."

வழியனுப்பு விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து தொகாஷி என்பவர் காலை வண்டியில் வந்து இறங்கினார். மழமழவென்று சிரைத்த முகம், பட்டுத் துணியில் கட்டிய இரண்டு பொட்டலங்கள். மேலேயிருந்து வருகிற மதிய வண்டியில் அவர் திரும்ப வேண்டும். அந்த வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் பெருங்கூட்டம். எல்லாம் ரேஷனுக்கு வெளியே வாங்கிய சர்க்கரைவள்ளி மூட்டையோடு பட்டணத்துக்குப் போகிற பெண்கள். நடுவில் ஒரு சரக்கு வண்டி கீழேயிருந்து வந்து நிற்காமல் மேலே போகும். அது மேலே போய்ச் சேர்ந்தால்தான் மதிய வண்டி கீழே இறங்க முடியும். ஒற்றைப் பாதையாயிற்றே.

சரக்கு வண்டிக்கான வில்லையை ஃபுசா ஏற்கெனவே எடுத்து, வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் விழாவுக்கு வந்து நின்றாள். தொகாஷி முகம் சுளித்தார்.

"அதைக் கழட்டி வச்சிடுங்கம்மா. விழா பாருங்க."

"வண்டி வர நேரம்ங்க."

"இனி அது உங்க கவலை இல்லையே." குரலில் சர்க்கரைதான். தாமே வளையத்தை அவள் தோளிலிருந்து கழற்றிப் பெஞ்சில் வைத்தார். முரோய் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சுருமி சின்னம் கழற்றிய பட்டாளத் தொப்பியோடு ஒதுங்கி நின்றான்.

தொகாஷி பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நாட்டுக்கு நெருக்கடி வந்தபோது மெல்லிய கரங்கள் உதவிக்கு வந்தன என்றார். அந்த உதவியை மறக்க முடியாது என்றார். இனி அந்தக் கரங்கள் இல்லத்தை அலங்கரிக்கட்டும் என்றார். எத்தனை உதவி. ஃபுசாவுக்குக் காது மடல் கொதித்தது. பொட்டலத்தை நீட்டினார். பரிசை இரண்டு கையாலும்தான் வாங்க வேண்டும், வாங்கினாள். உள்ளே தையல் பெட்டி என்பது தொட்டதுமே தெரிந்தது.

"ரயிலைத் தைக்கவா?" என்று மினே முணுமுணுத்தாள்.

தொகாஷி இடுப்புவரை வளைந்து வணங்கினார். முரோய் அவரைவிட இன்னும் கொஞ்சம் தாழ்ந்து வணங்கினார். ஃபுசாவும் பொட்டலத்தோடு குனிந்தாள். கீழ் வளைவில் சரக்கு வண்டியின் விசில் கேட்டது.

இப்போது பாருங்கள். மேலதிகாரி நிமிராமல் முரோய் நிமிரக் கூடாது, அது மரியாதை இல்லை. தொகாஷியோ, இன்று சிறப்பிக்கப்படுகிறவள் நிமிரட்டும், அப்புறம் நிமிரலாம் என்று குனிந்தபடி காத்திருந்தார், அதுவும் மரியாதைதான். ஆக, இரண்டு பேரின் முதுகும் ஃபுசாவின் முதுகில் கட்டப்பட்டிருந்தது. தண்டவாளம் அதிரத் தொடங்கியது அவள் காலுக்குத் தெரிந்தது. ஓரடி எட்டினால் பெஞ்சில் வளையம். வளையம் கைக்கு வந்ததிலிருந்து ஒரு சரக்கு வண்டியைக்கூட அவள் இந்த மேட்டடியில் நிற்க விட்டதில்லை. வலது கை தானாகப் பெஞ்சுப் பக்கம் இழுத்தது.

இனி அது உங்கள் கவலை இல்லையே. சரி, என் கவலை இல்லை. ஃபுசா நிமிரவில்லை.

எஞ்சின் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. வளையத்துக்காக நீட்டிய கை காற்றைத் துழாவியது. பிரேக் கிறீச்சிட்டுப் பொறி பறக்க, மரமும் கரியும் ஏற்றிய அவ்வளவு பெட்டிகளும் ஒன்றோடொன்று இடித்து முனகி, மேட்டின் வாயில் நின்றன. டிரைவர் நோசே கரி அப்பிய முகத்தோடு குதித்து வந்தார். இன்னமும் குனிந்து நின்ற மூவரையும் பார்த்தார்.

"யாரு செத்தது?" என்றார்.

அப்போதுதான் ஃபுசா நிமிர்ந்தாள். மற்ற இருவரும் நிமிர்ந்தார்கள்.

"ஏம்மா ஃபுசா, என்ன வேலை இது? வளையம் எங்கே? இருக்கற கரியே பாதி மண்ணு. இதை வச்சுக்கிட்டு இங்கிருந்து எப்படிக் கிளப்புவேன்?"

"எனக்குத் தெரியாதுங்க நோசே அண்ணே. எனக்கு வேலை போயிடுச்சு. இதோ, தையல் பெட்டி கொடுத்துட்டாங்க."

நோசே பொட்டலத்தைப் பார்த்தார், தொகாஷியைப் பார்த்தார், எச்சிலைத் தண்டவாளத்தில் துப்பினார்.

தொகாஷிக்கு முகம் சிவந்தது. "முரோய், என்னங்க இது? வண்டியை அனுப்புங்க."

"இதோ, இதோ ஐயா," என்று முரோய் கொடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். பின்னால் தள்ளிப்போய் ஓடிவரச் சொன்னார். நோசே கையைக் கட்டிக்கொண்டார்.

"மாட்டேங்க. கோபிச்சுக்காதீங்க மாஸ்டர். கீழ் ஸ்டேஷனோட பேசி அந்தப் பாதையை அடைக்கணும், லீவர் மாத்தணும், அப்புறம் கொடி. நீங்க இதையெல்லாம் கடைசியா எப்பப் பண்ணீங்க? நான் ரெண்டு வருஷமா இந்தப் பொண்ணு கையைப் பாத்துத்தான் வண்டி ஓட்டறேன். உங்க கொடியை நம்பி ஓரடி பின்னால போகமாட்டேன்."

"தொப்பி நான் போட்டிருக்கேன்யா," என்றார் முரோய், அழாத குறையாக.

"தொப்பி நல்லாத்தான் இருக்கு."

மூட்டைக்காரப் பெண்களிடம் சிரிப்பு எழுந்தது. உடனே அடங்கவும் செய்தது, ஏனென்றால் சரக்கு நகராமல் மதிய வண்டி வராது என்பது அவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் நின்ற ஒரு பருத்த பெண் சத்தம் போட்டாள்.

"இந்தாம்மா, உன் சண்டையை அப்புறம் வச்சுக்கோ. போலீஸ் சோதனை வர்றதுக்குள்ள நாங்க ஏறியாகணும். எங்க கிழங்கைப் பிடுங்கிக்கிட்டா உன் தையல் பெட்டியையா எங்க புள்ளைங்க திங்கும்?"

அது ஃபுசாவைக் குத்தியது. கம்பெனிக்காரன் வாய்க்கு அவள் தயாராக வந்திருந்தாள், இந்த வாய்க்குத் தயாராக வரவில்லை. அந்த மூட்டைகளின் கனம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டிலும் பார்லிச் சோற்றில் பாதி கிழங்குதான்.

"அக்கா, நீங்க சொல்றது நியாயம்தான்," என்றாள். "ஆனா இன்னிக்கு நான் நகர்ந்துட்டேன்னா நாளைக்கு எனக்கு இந்த வாசல்ல கால் வைக்க இடமில்லை. உங்க வண்டியை நாளைக்கும் யாராவது அனுப்புவாங்க. அது நானா இருக்கணும். அவ்வளவுதான் என் சண்டை."

பருத்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "அப்போ சீக்கிரம் சண்டை போட்டு முடி."

தொகாஷி அருகே வந்தார். சர்க்கரை மறுபடி குரலுக்கு வந்திருந்தது. "இதோ பாருங்கம்மா, இத்தனை பேர் கஷ்டப்படறாங்க. கடைசியா இந்த ஒரு தடவை, கொஞ்சம் உதவி பண்ணுங்க."

"பண்ணமாட்டேன்."

"என்னது?"

"உதவி பண்ணமாட்டேங்க. நான் இதுவரைக்கும் உதவி பண்ணினதே இல்லை. வேலை பண்ணினேன். வேலைன்னு சொல்லிக் கொடுத்தா இப்பவே பண்றேன். உதவின்னா எனக்கு வீட்ல துவைக்கற துணி கிடக்கு."

முரோய் கையைப் பிசைந்தார். தொகாஷி சுருமி பக்கம் திரும்பினார். "நீ வாப்பா. இனிமே உன் பொறுப்புதானே. அந்த வளையத்தை எடு."

சுருமி நகர்ந்து வந்தான். காய்ச்சல் இன்னும் விடவில்லை, கண் மஞ்சளாக இருந்தது. பெஞ்சுக்கும் ஃபுசாவுக்கும் நடுவில் வந்து நின்றான், வளையத்தைத் தொடவில்லை.

"எனக்கும் வேலை வேணும் ஃபுசா," என்றான் மெதுவாக. "அங்க அத்தனை பேரையும் புதைச்சுட்டு வந்திருக்கேன். சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிக்குது."

"யாரு வேண்டாம்னா? வேலை கேளுங்கண்ணே, கேக்கத்தான் வேணும். என் வேலையை எதுக்குக் கேக்கறீங்க?"

"அவங்க கொடுத்தாங்க."

"அவங்க வீட்டுச் சொத்தா கொடுக்கறதுக்கு? நீங்க போறப்போ என்ன வேலை பாத்தீங்க? லீவர். அந்த லீவர் அங்கேயேதான் இருக்கு. உங்க வேலையை, மாஸ்டர் வேலையை, என் வேலையை எல்லாம் நானே ஒத்தையா இழுத்திருக்கேன். உங்களுதை எடுத்துக்குங்க, புண்ணியமாப் போகும். என் முதுகாவது நிமிரும். வண்டி அனுப்பற வேலை என்னுது."

சுருமி தொகாஷியைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் பிளாட்பாரத்தின் ஓரமாக நடந்துபோய், லீவர் வரிசையின் முன் நின்றான். ஒரு கையால் ஒரு பிடியைத் துடைத்தான்.

"நான் இங்க நிக்கறேன்," என்றான் அங்கிருந்தே. "யாரு சொல்றாங்களோ அப்ப இழுக்கறேன்."

தொகாஷிக்கு வேர்த்தது. மேல் ஸ்டேஷனிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மினே போய் எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"மதிய வண்டி அங்க வந்து நிக்குதாம். எப்ப விடலாம்னு கேக்கறாங்க. தலைமை அலுவலகத்து ஐயா இங்கதான் இருக்காரு, அவரையே கேட்டுச் சொல்றேன்னு சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க," என்றார் தொகாஷி அவசரமாக. பிறகு ஃபுசாவிடம், "என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு பேருக்கும் வேலை, எனக்கும் மினேக்கும். அப்புறம் அந்தத் தொப்பி."

"சிவப்புத் தொப்பியா? ஒரு பொம்பளைக்கா? கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து..."

"கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த ஸ்டேஷன் மேட்டடியிலதான் இருக்கு. அதைச் சரின்னா சொல்றீங்க?"

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை சிரிப்பு அடங்கவில்லை. ஒருத்தி தொடங்கி வைத்தாள், "தொப்பியைக் கொடுய்யா" என்று. பிறகு பிளாட்பாரம் முழுக்க அதுதான்.

தொகாஷி நாலா பக்கமும் பார்த்தார். "சரி, இன்னிக்கு மட்டும்..."

ஃபுசா பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் வர்றேங்க. மினே, வாடி போகலாம்."

"இருங்க, இருங்க." அவர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "இன்னிக்கு மட்டும்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"இன்னிக்கு மட்டும்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்!" அது கூவலாகவே வந்துவிட்டது.

முரோய் தொப்பியைக் கழற்றினார். அதன் தூசியைத் தட்டி அவளிடம் நீட்டினார். மனிதருக்குத் தலைமுடி இவ்வளவு கொட்டிப்போயிருக்கிறது என்று ஊருக்கு அன்றுதான் தெரியும். வழக்கமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். இப்போது பார்த்தார்.

"அந்த விமானம் வந்த அன்னிக்கே கொடுத்திருக்கணும்," என்றார்.

"ஆமாங்க," என்றாள் ஃபுசா. இல்லையென்று உபசாரத்துக்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பொட்டலத்தைத் தொகாஷியின் இரண்டு கையிலும் வைத்தாள். தொப்பி பெரிது, காதுவரை இறங்கியது. பின்னுக்குத் தள்ளி அழுத்திக்கொண்டு வேலையில் இறங்கினாள். கீழ் ஸ்டேஷனோடு மணியடித்துப் பாதையை வாங்கினாள். சுருமிக்குக் கை காட்டினாள். அவன் முதல் இழுப்பில் தடுமாறினான், இரண்டாவது இழுப்பில் லீவர் படிந்தது. நோசே ஏறிக்கொண்டார். அவள் கொடிக்குச் சரக்கு வண்டி முனகிக்கொண்டே பின்னால் போனது, தமாருவின் பழைய ஆலையைத் தாண்டி, சமதரையில் போய் நின்றது. ஆவி கட்டிக்கொண்டு ஓடி வந்தது. ஃபுசா விளிம்பில் நின்று கையை நீட்டினாள். வளையம் அவள் கையிலிருந்து பறந்தது, பழைய வளையம் வந்து முழங்கையில் அறைந்தது. வலி தோள்வரை ஏறியது. வண்டி மேட்டில் ஏறியது.

யாரும் கைதட்டவில்லை. மூட்டைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.

மதிய வண்டி மிகத் தாமதமாக இறங்கி வந்தது. கிழங்கு மூட்டைகளும் பெண்களும் ஜன்னல் வழியாகக்கூட ஏறினார்கள். தொகாஷி மட்டும் படிக்கருகே நின்றுகொண்டிருந்தார். அக்குளில் பட்டுப் பொட்டலம் இரண்டும்.

"நீங்க நினைக்கறது நடக்காதும்மா," என்றார் தணிந்த குரலில். "மேலே ஒத்துக்கமாட்டாங்க. நான் போய்ச் சொன்னதுமே வேற ஆளை அனுப்புவாங்க."

"அனுப்பட்டுங்க. அவரும் வண்டியிலதானே வருவாரு. திரும்பியும் போகணும்ல."

டிரைவர் எஞ்சினிலிருந்து தலையை நீட்டிச் சிவப்புத் தொப்பியைப் பார்த்தான், கீழே இருக்கிற முகத்தைப் பார்த்தான், உள்ளே போய் விசில் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஃபுசா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நேரமாச்சுங்க. ஏறுறீங்களா, இல்லை சாயங்கால வண்டிவரைக்கும் இருக்கீங்களா? அதையும் நான்தான் அனுப்புவேன்."

அவர் ஏறினார். ஃபுசா கதவு சாத்தியதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள், வண்டி கிளம்பியது.